சொல்லாத பொய்

பொய் என்பது யாது? நிகழாததை நிகழ்ந்தது என்று கூறுவது. இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், நிகழ்ந்ததைக் கூறாமல் விடுவது? பத்து நிகழ்ந்தன. ஏழு மட்டும் எடுத்துரைக்கப்பட்டன. எடுத்துரைத்த ஏழும் எள்ளளவும் பிழையற்றவை. எஞ்சிய மூன்றும் இருட்டறையில் இடப்பட்டன. அவ்வாறு செய்தவன் மெய்யனா, பொய்யனா?

"அவன் சொன்னவற்றில் ஒரு சொல்லேனும் பொய்யென்று காட்டுங்கள், பார்ப்போம்!" என்று வாதாட ஆட்கள் உண்டு. காட்ட முடியாதுதான். எனினும் கேட்டவன் ஏமாந்தான் என்பது உண்மை. தராசின் ஒரு தட்டைத் துணியால் மூடிவிட்டு, மற்றொரு தட்டை மட்டும் காட்டி, "எடை சரிதானே, ஐயா?" என்று கேட்கும் வணிகன், வாயால் பொய் பேசவில்லை, துணியால் பேசினான்!

அறநூல் கற்றோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. சந்தையில் இதற்கு விடை தவறினால் இழப்பது காசு. மருத்துவ ஆராய்ச்சியில் விடை தவறினால் இழப்பது உயிர். ஆகவேதான் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக் கொண்டனர். 'ஆய்வை அறிவிக்கும் நெறிமுறைகள்' என்பது அதன் பெயர். கேட்பதற்குச் சுவையற்ற பெயர். கணக்கெழுதும் அலுவலகத்து விவகாரம் போலத் தோன்றும். ஆயினும், பகுத்தறிவை வழித்துணையாகக் கொண்ட தோழர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று. ஏன் என்பதை ஒரு நிகழ்ச்சியிலிருந்து காண்போம்.

1980ஆம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்காம் நகர மருத்துவர்கள் லார்கைனைடு என்னும் மருந்தைச் சோதித்தனர். மாரடைப்புக் கண்டவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதுண்டு; அந்தத் தாறுமாறே சில வேளைகளில் உயிரைக் குடிப்பதும் உண்டு. ஆகவே, துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து உயிரைக் காக்கும் என்று உலகெங்கும் மருத்துவர்கள் எண்ணினர். எண்ணம் இயல்பானது, எவரும் ஏற்கத்தக்கது. நூற்றுக்குச் சற்றுக் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அம்மருந்தையும் மறு பிரிவினருக்குப் போலி மருந்தையும் அளித்தனர். மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தனர். போலி மருந்து பெற்றவர்களில் இறந்தவர் ஒருவரே!

தற்செயலாக நேர்ந்தது என்று அப்போது கருதினர். வணிகக் காரணங்களால் அந்த மருந்தும் கைவிடப்பட்டது. மருந்தே இல்லை என்றான பிறகு மருந்தின் கதை எதற்கு? ஆராய்ச்சி ஏடேறவில்லை.

லார்கைனைடு போயிற்று, ஆனால், அதன் குடும்பத்து மருந்துகள் போகவில்லை. துடிப்பை அடக்கும் அத்தகைய மருந்துகள் 1980களில் மாரடைப்பு நோயாளிகளுக்குப் பரவலாக வழங்கப்பட்டன. இறுதியில் அமெரிக்காவில் பெரியதொரு சோதனை நடத்தப்பட்டது. என்கைனைடு, ஃபிளெகைனைடு என்னும் இரு மருந்துகளைப் பெற்றோர் மிகுதியாக இறப்பது கண்டு, 1989இல் அம்மருந்துகளின் சோதனையை நிறுத்தினர். 1991இல் வெளியான முழுக் கணக்கு இது: மருந்து பெற்ற 755 பேரில் இறந்தவர் 63, போலி மருந்து பெற்ற 743 பேரில் இறந்தவர் 26. காக்க வந்த மருந்து கொல்லும் மருந்தாக நின்றது!

1993இல், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, நாட்டிங்காம் ஆராய்ச்சியாளர்களே தங்கள் பழைய முடிவை வெளியிட்டனர். ஆய்வு முடிவு வெளிவராமற் போவதால் என்ன கேடு விளையும் என்பதற்குத் தங்கள் ஆய்வையே எடுத்துக்காட்டாக நிறுத்தினர். அன்றே அது வெளிவந்திருந்தால் வரவிருந்த துயருக்கு முன்னெச்சரிக்கையாக அமைந்திருக்கக் கூடும் என்றும் எழுதினர். அந்த நேர்மையைப் போற்றத்தான் வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், தோழர்களே! இதில் பொய் கூறியவர் யார்? ஒருவருமில்லை. வஞ்சகம் செய்தவர் யார்? எவரையும் சுட்ட இயலாது. சொல்லாமல் இருந்தனர்; அவ்வளவே. அந்தச் 'சொல்லாமை'க்கு அப்பால், ஊர் தெரியாத, பெயர் தெரியாத நோயாளிகள், மருத்துவரின் கையிலிருந்து மாத்திரையை நன்றியோடு பெற்று விழுங்கிக் கொண்டிருந்தனர்.

ஆய்வு முழுவதையும் மறைப்பது ஒருவகை. அச்சேறிய ஆய்வின் உள்ளேயே ஒளிந்திருக்கும் மறைப்பு மற்றொரு வகை. இது இன்னும் நுட்பமானது. எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக நாம் கற்பித்துக் கொண்ட கணக்கே.

புது மருந்துக்கு 100 பேர். பழைய மருந்துக்கு 100 பேர். புது மருந்தின் தொல்லை தாங்காமல் 40 பேர் பாதியில் நின்றுவிட்டனர். எஞ்சிய 60 பேரில் 45 பேர் குணமடைந்தனர். பழைய மருந்தில் நின்றவர் 5 பேர் மட்டுமே. எஞ்சிய 95 பேரில் 50 பேர் குணமடைந்தனர். இனி எழுதுவோன் எழுதுகிறான்: "புது மருந்தால் 75 விழுக்காட்டினர் குணமடைந்தனர், பழைய மருந்தால் 53 விழுக்காட்டினரே குணமடைந்தனர்." கணக்கில் பிழையுண்டா? இல்லை! 60இல் 45 என்பது 75 விழுக்காடுதான். ஆனால், தொடக்கத்தில் வந்த நூறு நூறு பேரை நினைத்துப் பாருங்கள். புது மருந்தை நம்பி வந்த நூற்றுவரில் குணமடைந்தவர் 45. பழைய மருந்தை நம்பி வந்த நூற்றுவரில் குணமடைந்தவர் 50. தோற்ற மருந்து, வென்ற மருந்தாக வீதியுலா வருகிறது! எப்படி? பாதியில் நின்ற 40 பேரைப் பற்றி ஒரு வரி எழுதாததால்!

இன்னொன்றும் கேளுங்கள். எந்த நோயாளி எந்தப் பிரிவில் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் தற்செயலுக்கு விட்டுவிட வேண்டும். அடுத்த சீட்டு எது என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் என்ன ஆகும்? தெம்புள்ளவரைத் தமக்குப் பிடித்த மருந்தின் பக்கமும், தளர்ந்தவரை மறுபக்கமும் அவர் தம்மை அறியாமலே தள்ளக்கூடும். கெட்ட எண்ணம் தேவையில்லை, ஆசை போதும். 1995இல் கென்னத் ஷூல்ஸ் என்பாரும் அவருடைய தோழர்களும் 250 மருத்துவச் சோதனைகளை ஆராய்ந்தனர். அடுத்த சீட்டு சரிவர மறைக்கப்படாத சோதனைகளில், வாய்ப்பு விகிதம் என்னும் அளவையால் கணக்கிட்டபோது, சிகிச்சையின் பயன் சராசரியாக 41 விழுக்காடு மிகையாகத் தோன்றியது. எப்படி மறைத்தனர் என்று தெளிவாக எழுதாத சோதனைகளிலும் 30 விழுக்காடு மிகை! எழுதாமை என்பது வெறும் எழுத்துப் பிழையன்று. பல வேளைகளில், செய்யாமையை மூடிய திரை அது என்பதை அந்த எண்கள் எடுத்துரைக்கின்றன.

இந்தத் திரையை விலக்கவே நெறிமுறை பிறந்தது. 1993இல் கனடா நாட்டு ஒட்டாவா நகரில் ஒரு குழு கூடிற்று. 1994இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மற்றொரு குழு கூடிற்று. இரண்டும் தனித்தனியே நெறிகளை வகுத்துப் பின்னர் ஒன்றிணைந்தன. 1996இல் 'கன்சார்ட்' என்னும் பெயரில் 21 இனங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. எத்தனை பேர் வந்தனர், எவ்வாறு பிரிக்கப்பட்டனர், எத்தனை பேர் விலகினர், எத்தனை பேர் கணக்கில் சேர்க்கப்பட்டனர் என்று ஆற்றின் போக்கை வரைவது போல் காட்டும் படமும் அதனோடு இணைந்தது. மேலே நாம் போட்ட கணக்கின் 40 பேர், அந்தப் படத்தில் ஒளிய இடமில்லை!

2001இலும் 2010இலும் அது திருத்தப்பட்டது. 2025இல் 30 இனங்களாக விரிந்தது. ஒரு மருந்தின் நலன்களைப் போலவே தீங்குகளையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தும் விரிவுரை 2004இல் வந்தது. மக்களைக் கூர்ந்து நோக்கி நடத்தும் ஆய்வுகளுக்கு 2007இல் 'ஸ்ட்ரோப்' வந்தது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கட்டுரைகளுக்கு 2009இல் 'பிரிஸ்மா' வந்தது. விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கு 2010இல் 'அரைவ்' வந்தது. இவை அனைத்தையும் ஒரு கூரையின்கீழ்த் திரட்ட 2006இல் 'ஈக்குவேட்டர்' என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று அதன் தொகுப்பில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட நெறிமுறைகள் உள்ளன. இப் பணிக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர், இங்கிலாந்து நாட்டுப் புள்ளியியல் அறிஞர் டக்ளஸ் ஆல்ட்மன். 1948இல் பிறந்து 2018இல் மறைந்தவர். மருத்துவ ஆராய்ச்சியின் தரக்கேடு ஓர் அவலம் என்று 1994இலேயே, தம் துறையினரின் முகத்துக்கு நேரே எடுத்துக் கூறிய துணிவாளர்.

"எதற்கு இத்தனைக் கெடுபிடி? கற்றறிந்த மருத்துவர், கண்ணால் கண்டதைக் கூறுகிறார். அவர் வாக்கை நம்பலாகாதா?" என்று கேட்பர் சிலர்.

இங்கேதான், தோழர்களே, பகுத்தறிவின் உரைகல் இருக்கிறது. "நான் கூறுகிறேன், நம்பு!" என்பது ஒரு குரல். "நான் நடந்த வழி இது, வழியெங்கும் விளக்கேற்றி வைத்திருக்கிறேன், நீயே நடந்து பார்!" என்பது மற்றொரு குரல். முதற்குரல் அரியணையிலிருந்து வருகிறது. இரண்டாவது குரல் தோளருகே நின்று பேசுகிறது. முதற்குரலை எழுப்புபவர் ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி அணிந்திருப்பதாலேயே அது அறிவியலின் குரலாகிவிடாது. சொன்னவர் யார் என்று பாராமல், சொன்ன பொருளின் மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் உரைத்தார். மெய்யைக் காண வேண்டுமானால், காண்பதற்குரிய பொருளைக் கண்முன் வைக்க வேண்டாமா? வழியை மறைத்து முடிவை மட்டும் நீட்டுவோன், படிப்போனின் சிந்திக்கும் உரிமையைப் பறிக்கிறான். முடிவு சரியாகவே இருக்கட்டும், பறித்தது பறித்ததுதான்!

"பட்டியல் போட்டால் மட்டமான ஆய்வு மாண்புடையதாகிவிடுமா?" என்று வேறு சிலர் கேட்பர். ஆகாது. நெறிமுறை, ஆய்வைச் சிறப்பாக்கும் மருந்தன்று. ஆய்வின் முகத்தைக் காட்டும் கண்ணாடி. அம்மைத் தழும்பைக் கண்ணாடி அகற்றாது; ஆனால், தழும்பு இல்லை என்று ஏமாற்றவும் விடாது. மட்டமான ஆய்வு மட்டமானது என்று தெரிவதே மக்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

"பட்டியல் பிறப்பதற்கு முன்னர் நேர்மையான ஆய்வாளர் இல்லையா?" என்றும் கேட்கலாம். இருந்தனர்! 1948இல் இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சி மன்றம், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய சோதனை முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தவர் 4; படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14. வெற்றி முரசு கொட்டிவிட்டு அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முத்திரையிட்ட உறைகளைக் கொண்டு நோயாளிகளைப் பிரித்த விதத்தை விளக்கினர். நோய்க்கிருமிகள் மருந்துக்கு அஞ்சாதனவாக மாறிவிடுகின்றன என்னும் கசப்பான செய்தியையும் அதே அறிக்கையில் எழுதினர்.

நம் சென்னையிலும் அத்தகைய சான்று உண்டு. 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது; இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. சானடோரியத்தில் படுக்கை கிடைத்தால்தான் காசநோய் தீரும் என்று உலகம் நம்பிய காலம். படுக்கை சிலருக்கு, நோய் பல்லாயிரவருக்கு! வீட்டிலிருந்தே மருந்துண்டால் தீராதா? மையத்தார் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகப் பிரித்துப் பார்த்தனர். ஓராண்டு முடிவில், கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு. சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான அந்த அறிக்கை தொண்ணூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது! வீட்டில் இருந்தவர்களின் உணவு எளியது, சானடோரியத்தில் இருந்தவர்களின் உணவு செழிப்பானது என்பதையும், சானடோரியத்தின் எண் சற்று உயர்ந்தே இருந்ததையும் மறைக்காமல் எழுதினர். அந்த நிறைவான கணக்கைக் கண்ட பிறகே, "வறுமையும் நெருக்கடியும் உள்ள வீட்டிலும் மருந்து தன் வேலையைச் செய்கிறது" என்பதை உலகம் நம்பியது. குடிசைவாழ் ஏழைக்கு வீட்டுச் சிகிச்சையின் கதவு திறந்தது. மறைக்காமையால் விளைந்த நன்மை இது!

ஆகவே, பட்டியல் புதிய அறத்தைப் படைக்கவில்லை. ஒரு சிலரின் பண்பாக இருந்ததை அனைவரின் கடமையாக்கிற்று, அவ்வளவே. நல்லவர் நல்லதைச் செய்வர் என்று காத்திராமல், எவரும் செய்தாக வேண்டும் என்று விதி வகுப்பதுதானே சமுதாயத்தின் வளர்ச்சி?

கடமையாக்கியதால் பயன் விளைந்ததா? இதையும் நம்பிக்கையின் பேரால் ஏற்க வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கின்றனர். 2012இல் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று, 16,604 மருத்துவச் சோதனைகளைப் பற்றிய மதிப்பீடுகளைத் திரட்டியது. கன்சார்ட் நெறியை ஏற்ற இதழ்களையும் ஏற்காத இதழ்களையும் 27 அளவுகளில் ஒப்பிட்டது. 25 அளவுகளில் ஏற்ற இதழ்களின் பக்கமே தட்டுத் தாழ்ந்தது. ஆயினும், ஐயத்திற்கிடமின்றி வேறுபாடு தெரிந்தவை 5 மட்டுமே. ஏற்ற இதழ்களிலும் குறைகள் மலிந்தே இருந்தன. பயன் உண்டு, போதாது!

ஏன் போதவில்லை? ஏற்பது வேறு, கடைப்பிடிப்பது வேறு என்பதனால். இதழின் முகப்பில், "இந்நெறியை ஏற்கிறோம்" என்று அச்சிட அரை வரி போதும். வரும் கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அதற்கும் மேலாக மனம் வேண்டும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வு இதை வெட்டவெளிச்சமாக்கியது. விலங்காய்வுக் கட்டுரைகள் 1,689ஐக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவின் ஆசிரியர்களிடம், "அரைவ் பட்டியலை நிரப்பித் தாருங்கள்" என்று கேட்டனர். மறு பிரிவினரிடம் கேட்கவில்லை. இறுதியில் ஏற்கப்பட்ட கட்டுரைகள் 762. அவற்றுள் அந்நெறியை முழுமையாக நிறைவேற்றியவை எத்தனை? கேட்ட பிரிவிலும் இல்லை; கேளாத பிரிவிலும் இல்லை. ஒன்றுகூட இல்லை!

அதே ஆண்டில் மற்றொரு கணக்கும் வெளிவந்தது. பென் கோல்டேக்கர் தலைமையில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த குழுவினர், உலகின் தலைசிறந்த ஐந்து மருத்துவ இதழ்களில் வந்த 67 சோதனைகளை எடுத்துக் கொண்டனர். ஐந்தும் கன்சார்ட் நெறியை ஏற்றவையே. "இன்னதை அளப்போம்" என்று தொடக்கத்தில் கூறியதையும், முடிவில் அச்சிட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். 58 சோதனைகளில் முரண்பாடு! கூறிய அளவுகள் காணாமற் போயிருந்தன. கூறாத அளவுகள் ஓசையின்றி நுழைந்திருந்தன. 58 திருத்தக் கடிதங்கள் எழுதினர். இதழ்கள் அச்சிட்டவை 23 மட்டுமே.

பட்டியல் இருக்கிறது, பார்ப்பார் இல்லை. படிவம் இருக்கிறது; பொருள் இல்லை. கட்டத்துக்குக் கட்டம் கோடிட்டு, "ஆம், ஆம், ஆம்" என்று குறித்து அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்னும் மனப்பான்மை வளருமானால், அதற்கு என்ன பெயர்? சடங்கு! பொருளை மறந்து செய்முறையை மட்டும் பற்றிக் கொள்வது எங்கே நிகழ்ந்தாலும் அது சடங்கே. ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தாலும் அதற்கு வேறு பெயரில்லை. சடங்கைக் கண்டால் வினவும் இளைஞர்கள், அது ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு வருவதனால் வாய்மூடி இருக்கலாகாது.

"பார்த்தீர்களா! அறிவியல் என்று மார்தட்டினீர்களே, அங்கும் மறைப்பு, அங்கும் சடங்கு! எங்கள் தாயத்தும் தைலமுமே மேல்" என்று சிலர் கிளம்புவர். அவர்களுக்கு ஒரு வினா: இந்தக் குறைகளைக் கண்டுபிடித்தவர் யார்? எண்ணிக் காட்டியவர் யார்? பெயரும் எண்ணும் போட்டு அச்சிட்டவர் யார்? அறிவியலாரே! தன் வீட்டுக் குப்பையைத் தானே எடைபோட்டு ஊரறியச் சொல்லும் துறை அது. தாயத்துக் கட்டிக் கொண்டு பயன் பெறாதவர் எத்தனை பேர் என்று பட்டியல் போட்ட தாயத்து வணிகர் உண்டா? குறையைக் காணும் கருவி ஒருவரிடம் இருக்கிறது. மற்றவரிடம் குறையை மூடும் துணிதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அறிவாகாது.

அதே நேரத்தில், நம் பக்கமும் ஓர் எச்சரிக்கை தேவை. "அறிவியல் கூறுகிறது" என்னும் சொற்றொடரை மந்திரம் போல் உச்சரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. எந்த ஆய்வு, எத்தனை பேர், எப்படிப் பிரித்தனர் என்று கேட்டால் சினம் கொள்வர். அதுவும் அரியணைக் குரலே! நமக்குப் பிடித்த முடிவாக இருந்தால் பட்டியல் வேண்டாம், பிடிக்காத முடிவாக இருந்தால் பட்டியல் வேண்டும் என்பது நேர்மையாகுமா? நமக்கு இனிக்கும் முடிவைத்தான் இருமுறை சோதிக்க வேண்டும்; கசக்கும் முடிவைச் சோதிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டுவன உண்டு. ஆய்வு தொடங்கு முன்னரே, "இன்னாரை, இன்ன முறையில், இன்ன அளவால் சோதிக்கப் போகிறோம்" என்று பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் அத்தகைய பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டு, மருந்துச் சோதனைகளுக்கு 2009 முதல் கட்டாயமாயிற்று. பதிவேட்டில் எழுதியதையும் கட்டுரையில் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதழாசிரியரின் கடமை. மருத்துவ மாணவர்களுக்கு நோயறியும் கலையோடு, ஆய்வுக் கட்டுரையைக் குறுக்கு வினாவால் துளைக்கும் கலையையும் பயிற்றுவிப்பது கல்லூரிகளின் கடமை. பயன் தராத முடிவையும், ஒன்றும் தெளிவாகாத முடிவையும் கூட வெளியிட்டே ஆக வேண்டும். அறிவிக்கும் நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஹெல்சிங்கி அறிக்கை விதிக்கிறது. மருத்துவ உலகம் தானே ஒப்புக் கொண்ட அறம் அது.

அந்த அறத்தின் வேர் எது? ஆய்வுக்குத் தன் உடலைத் தந்த நோயாளி! அவர் தந்தது காசு அல்ல, குருதி. புதிய மருந்தா, போலி மருந்தா என்று அறியாமலே கை நீட்டினார். "எனக்குப் பயன்படாவிடினும், எனக்குப் பின் வருவோருக்குப் பயன்படட்டும்" என்ற எண்ணமே அவருடைய கூலி. அவரிடமிருந்து கிடைத்த செய்தியை இழுப்பறையில் இட்டுப் பூட்டுவது, கொடையாளி ஊருக்கென்று தந்த நெல்லை வீட்டுக் குதிரில் கொட்டிக் கொள்வதற்கு ஒப்பாகும். செய்தி கசப்பானது என்பதால் கடன் தீர்ந்துவிடாது. கசப்பான செய்திதான் அடுத்தவன் உயிரைக் காக்கும். லார்கைனைடு கற்பித்த பாடம் அதுவே.

நாம் ஆய்வாளர் அல்லோம், இதழாசிரியரும் அல்லோம். நமக்கென்ன கடமை? கேட்பதே நம் கடமை! நாளேட்டில் ஒரு செய்தி: "புதிய மருந்து, வியத்தகு பலன்." மேடையில் ஒரு பேச்சு: "ஆராய்ச்சியில் மெய்ப்பிக்கப்பட்டது." உடனே கைதட்டிவிடாமல் ஐந்து வினாக்களை எழுப்புங்கள். எத்தனை பேரிடம் சோதித்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? யார் எந்தப் பிரிவில் என்பதை எவ்வாறு முடிவு செய்தனர்? பாதியில் நின்றவர்கள் என்ன ஆயினர்? என்ன தீங்கு விளைந்தது? இந்த ஐந்துக்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. கூச்சத்தை விட்டொழிக்கும் துணிவு போதும். விடை கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில், "விடையில்லை" என்பதையே ஊரறியச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். சொல்லாமல் விடுவது எப்போதும் பொய்யன்று. மறதியும் உண்டு, அறியாமையும் உண்டு. ஆனால், கேட்பவன் தன் உயிரைப் பணயம் வைத்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில், அவன் முடிவை மாற்றக்கூடிய ஒன்றை அறிந்தும் சொல்லாமல் விடுவது பொய்யே. நாவால் சொன்ன பொய்யை மறுக்க வழியுண்டு. சொல்லாத பொய்யை மறுக்க எதிரில் சொல்லே இல்லை. அது நம் எதிரில் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தைச் சுட்டிக் காட்டி, "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்கும் விரல்தான் நெறிமுறை. விரல்கள் பெருகட்டும்!